மின்சார ஸ்கூட்டர் எத்தனை வருடம் தாங்கும்? தினமும் வேலைக்கு ஓட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கே 'வண்டி' என்று சொல்வது பதிவு எண் உள்ள, லித்தியம் பேட்டரி போட்ட மின்சார ஸ்கூட்டரை. பதிவும் லைசென்ஸும் தேவைப்படாத, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கி.மீ. வேக வரம்பும் கொண்ட வண்டிகளுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும். அவற்றில் லெட் ஆசிட் பேட்டரி இருந்தால் அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

தினமும் ஓட்டினால் பேட்டரி எத்தனை வருடம் வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வருபவர் நாளுக்குச் சுமார் 35 கி.மீ. ஓட்டுகிறார். வருடத்துக்கு 300 நாள் என்றால் 10,500 கி.மீ. வண்டி ஒரு முழு சார்ஜில் உண்மையாக 90 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 117 முழு சைக்கிள்தான் ஆகிறது. பாதி சார்ஜை இரண்டு முறை ஏற்றினால் அது ஒரு சைக்கிள்; ப்ளக் செருகிய தடவையெல்லாம் ஒரு சைக்கிள் என்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம். எட்டு வருடத்தில் ஏறக்குறைய 930 சைக்கிள். நல்ல என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம்) செல் இதைத் தாங்கும். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லுக்கு இது பாதித் தூரம்கூட இல்லை.

ஆகவே, ஓட்டி ஓட்டியே பேட்டரியைத் தீர்ப்பவர்கள் டெலிவரி வேலை செய்பவர்கள்தான். அலுவலகம் போய்வருபவரின் பேட்டரியைத் தின்பது வெப்பமும், முழு சார்ஜிலேயே நின்றுகொண்டிருக்கும் நேரமும். வண்டியை நடுவழியில் நிறுத்துவதோ பெரும்பாலும் பேட்டரியே இல்லை. ஈரம் புகுந்த கனெக்டர், தேய்ந்த பேரிங், சிக்கிக்கொண்ட பிரேக் ஸ்விட்ச், செத்துப்போன 12 வோல்ட் சப்ளை என்று சின்னச் சின்னப் பொருள்கள்தான். இந்தப் பக்கத்தில் அவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

தினமும் 100 சதவீதம் ஏற்றலாமா, 80-இல் நிறுத்த வேண்டுமா?

உள்ளே இருக்கும் செல் எது என்பதைப் பொறுத்தது. என்.எம்.சி. செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட்டுக்குப் போகிறது. அந்த நிலையிலேயே சித்திரை வெயிலில் மணிக்கணக்கில் நின்றால் கொள்ளளவு வேகமாகக் குறையும். தினத்தேவை 35 கி.மீ.தான் என்றால் 80 அல்லது 90 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. மாதம் ஒருமுறை 100 வரை ஏற்றி, அதன் பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் ப்ளக்கிலேயே விடுங்கள். செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருந்தால் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) அதைச் சமன்செய்வது பெரும்பாலும் அந்தக் கடைசி நேரத்தில்தான்.

எல்.எஃப்.பி. என்றால் வாரம் ஒருமுறையாவது முழுதாக ஏற்றுங்கள். இந்தச் செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட ஒரே கோடாக நிற்கும். முழு சார்ஜைத் தொடாவிட்டால் மீதி எவ்வளவு என்று பி.எம்.எஸ்.ஸால் சரியாகச் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: தினமும் 10 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள்.

வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்?

நிறுத்துவதைவிட, வெயிலில் ஓட்டிவந்த கையோடு சார்ஜ் போடுவதுதான் கெடுதல். மதியம் மூன்று மணிக்குத் தார் ரோட்டில் ஓடிவந்த பேட்டரி உள்ளே 45 டிகிரியைத் தொட்டிருக்கும். அதன் மேல் சார்ஜிங் சூடும் சேரும். வீட்டுக்கு வந்ததும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு ப்ளக் போடுங்கள். சார்ஜ் மெதுவாக ஏறுகிறது, பாதியில் நிற்கிறது என்ற புகார் ஏப்ரல், மே மாதங்களில் அதிகம் வரும். பெரும்பாலும் பி.எம்.எஸ். வெப்பத்தைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்கிறது, பழுது இல்லை. முடிந்தால் விடியற்காலையில் முடியும்படி சார்ஜ் போடுங்கள். அப்போதுதான் காற்று குளிர்ச்சி, முழு சார்ஜில் சும்மா நிற்கும் நேரமும் குறைவு.

ரேஞ்ச் குறைந்துவிட்டது. பேட்டரி போய்விட்டதா?

உடனே அந்த முடிவுக்கு வராதீர்கள். முதலில் டயர் காற்று. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஐந்தாறு பி.எஸ்.ஐ. குறைந்தாலே ஒரு சார்ஜுக்குச் சில கி.மீ. போய்விடும். அடுத்தது பிரேக் பிடிப்பு. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றாவது தானாகச் சுழல வேண்டும். 'ஸ்ஸ்' என்று உரசி அரைச்சுற்றில் நின்றால் பேட் இழுத்துப் பிடிக்கிறது. ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார்) உள்ள பின்சக்கரத்தில் காந்தத்தின் லேசான தடை எப்போதும் இருக்கும், அதைப் பழுதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புது டயர் போட்டிருந்தால் அதுவும் காரணமாகலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் ரேஞ்ச் இறங்கிக்கொண்டே போனால்தான் பேட்டரியை அளக்க வேண்டும்.

பேட்டரியின் நிலையை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். ப்ளக்கில் செருகும் எனர்ஜி மீட்டர் ஒன்று போதும். பேட்டரி 20 சதவீதத்துக்கு வரும்வரை ஓட்டி, ஆறவிட்டு, மீட்டர் வழியாக 100 வரை ஏற்றி, எத்தனை யூனிட் காட்டுகிறது என்று குறியுங்கள். பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 3 யூனிட் என்றால், 80 சதவீதம் ஏற்ற 2.4 யூனிட் உள்ளே போக வேண்டும். சார்ஜரில் பத்து சதவீதம் வீணாகும் என்று வைத்தால் சுவரிலிருந்து 2.7 யூனிட்டுக்குச் சற்றுக் கீழே இழுக்கும். அது 2.1 மட்டும் காட்டினால் உள்ளே போனது 1.9 யூனிட் அளவுதான், அதாவது பேட்டரி 79 சதவீதத்துக்கு வந்திருக்கிறது.

விளம்பரத்தில் போடும் கொள்ளளவும் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவும் ஒன்றல்ல. அதனால் வண்டி புதிதாக இருக்கும்போதே இப்படி ஒருமுறை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே முறையில் அளந்து ஒப்பிட்டால் சந்தேகமே வராது.

சார்ஜ் 30 சதவீதம் காட்டியது, மேம்பாலம் ஏறும்போது திடீரென 8-க்கு விழுந்தது. ஏன்?

பேட்டரிக்குள் தொடராக இணைத்திருக்கும் செல் வரிசைகளில் ஒன்று மற்றவற்றைவிடப் பலவீனமாக இருக்கிறது, அல்லது பி.எம்.எஸ். கணக்குத் தவறிவிட்டது. முதலில் முழுதாக ஏற்றி இரண்டு மணி நேரம் ப்ளக்கிலேயே விடுங்கள். மூன்று நான்கு தடவை அப்படிச் செய்தபின் சரியானால் கணக்குப் பிழைதான். சரியாகாவிட்டால் சர்வீஸ் சென்டரில் செல் வோல்டேஜ் அறிக்கை கேளுங்கள். முழு சார்ஜில் ஆறவிட்டபின் மிக உயர்ந்த வரிசைக்கும் மிகத் தாழ்ந்த வரிசைக்கும் வித்தியாசம் 30 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் வாரண்டி முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்ன புகாருக்குக் கணக்கில்லை.

மழை வெள்ளத்தில் ஓட்டலாமா?

பேட்டரி பெட்டி ஐ.பி. 67 (தூசியும் நீரும் புகாமைக்கான தரக் குறி) என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கியதாகச் சோதித்திருக்கிறார்கள். அது பெட்டிக்கு மட்டும் கொடுத்த சான்று. வண்டியில் இருக்கும் கனெக்டர், ஸ்விட்ச், பேரிங் எதற்கும் அது பொருந்தாது. நாலு வருடம் குலுங்கி ஓடிய ரப்பர் சீல், சோதனை நாளில் இருந்த சீலும் அல்ல.

ஹப் மோட்டாரில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. ஓடிச் சூடான மோட்டாருக்குள் காற்று விரிந்திருக்கும். அது திடீரென்று குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அச்சில் ஒயர் வெளியே வரும் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் ஓடும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பேரிங்கில் 'கர்ர்' சத்தமும், கிளம்பும்போது உதறலும் தொடங்கும். உதறல் என்றால் உள்ளே மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று சொல்லும் மூன்று ஹால் சென்சாரில் ஒன்று துருப்பிடித்திருக்கலாம். அச்சு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வேறு வழியில் போங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நின்றதுபோல வண்டியே மூழ்கிவிட்டால், ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளித் திறந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, டோ வண்டியில் அனுப்புங்கள். நனைந்த லித்தியம் பேட்டரி சில நாள் கழித்தும் சூடேறக்கூடும்.

வாட்டர் சர்வீஸ் விடலாமா?

பிரஷர் பம்ப் வேண்டாம். சீல் தாங்குவது தேங்கிய நீரை, பீய்ச்சும் நீரை அல்ல. வாளித் தண்ணீர், ஈரத்துணி போதும். திருவான்மியூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை உப்புப் படிவை நன்னீர்த் துணியால் துடைத்தே ஆக வேண்டும். சார்ஜிங் சாக்கெட்டின் மூடியையும் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் அந்த வாரமே மாற்றுங்கள். செலவு சொற்பம், அது காப்பாற்றும் பொருள் பெரிது.

வண்டி ஆன் ஆகிறது, டிஸ்ப்ளே வருகிறது, ஆனால் நகரவில்லை.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மோட்டாரையும், அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரையும் சந்தேகிக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. சைடு ஸ்டாண்டு சென்சார். ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் சேற்றைக் கழுவி, நாலைந்து தடவை மேலும் கீழும் தள்ளுங்கள்.
2. பிரேக் லீவருக்குள் இருக்கும் கட்-ஆஃப் ஸ்விட்ச். வண்டியை ஆன் செய்து பிரேக்கைத் தொடாமல் பின்னால் போய்ப் பாருங்கள். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. ஸ்விட்ச் அழுத்தியபடியே சிக்கியிருப்பதால், நீங்கள் பிரேக் பிடித்திருப்பதாக நினைத்துக் கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கரண்ட் விடாது. மழைக்கு அடுத்த நாள் இது சாதாரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்து லீவரை ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும்.
3. த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர் கைப்பிடி). மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வோல்ட் சப்ளையில் திருகாதபோது ஒரு வோல்ட்டுக்கு அருகிலும், முழுதாகத் திருகினால் நாலு வோல்ட்டுக்கு அருகிலும் சிக்னல் சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தால் த்ராட்டிலை மாற்ற வேண்டும்.

இதற்குப் பிறகுதான் ஹால் சென்சார், கன்ட்ரோலர்.

டிஸ்ப்ளேகூட வரவில்லை என்றால்?

பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி செத்ததுபோல் நிற்கும். டிஸ்ப்ளே, விளக்கு, பூட்டு எல்லாம் ஓடுவது 12 வோல்ட்டில். அதைக் கொடுப்பது டி.சி. கன்வெர்ட்டர், சில மாடல்களில் கூடவே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. அந்தச் சின்ன பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். கூடுதல் ஹாரன், ஃபாக் லைட் மாட்டியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே இறங்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) வைத்த வண்டியானால் சீட்டுக்கு அடியில் அது இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரும்பத் திரும்ப இறங்கினால் தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது.

கனெக்டரை நாமே சுத்தம் செய்யலாமா?

விளக்கு, ஸ்விட்ச், த்ராட்டில் போன்ற மெல்லிய ஒயர் கனெக்டர்களைச் செய்யலாம். சாவியை எடுத்து, எம்.சி.பி. இருந்தால் இறக்கி, கன்ட்ரோலரில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிய ஐந்து நிமிடம் காத்திருங்கள். கனெக்டரின் பூட்டு நாக்கை அழுத்திப் பிரியுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னின் மேல் பச்சைப் பொடி பூத்திருந்தால் ஈரம் போயிருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் பட்டாணி அளவு தடவி மாட்டுங்கள். பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. அது லூசாக இருந்து சூடாகியிருக்கிறது, மாற்ற வேண்டும்.

ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த கேபிள்களையும் பேட்டரி பெட்டியையும் தொடாதீர்கள். அது பயிற்சி பெற்றவர் வேலை.

ஹப் மோட்டாரா, பெல்ட் வண்டியா, எது நீண்ட நாள் வரும்?

ஹப் மோட்டாரில் தேயும் பொருள் குறைவு. பராமரிப்பு என்றே பெரிதாக இல்லை. ஆனால் கெட்டால் முழு மோட்டாரையும் மாற்றச் சொல்வார்கள், பள்ளத்தின் அடி முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. பெல்ட் வண்டியில் மோட்டார் மேலே பத்திரமாக இருக்கும்; பெல்ட்டுக்கு மணல்தான் எதிரி. கீச்சென்று சத்தம் வந்தால் டென்ஷனைப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லின் அடியில் விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அறுந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். கியர் பெட்டி வைத்த மாடலுக்கு ஆயில் மாற்றும் கி.மீ. புத்தகத்தில் இருக்கும். மின்சார வண்டிக்கு ஆயிலே கிடையாது என்று யாராவது சொன்னால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் தேங்கும் தெருவில் வீடு இருந்தால் எங்கள் ஓட்டு பெல்ட்டுக்கு.

பஞ்சர் கடையில் கவனிக்க வேண்டியது?

டியூப்லெஸ் என்றால் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒட்டச் சொல்லுங்கள். ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், அச்சின் தட்டையான பக்கத்தில் உட்காரும் லாக் வாஷர் அதே திசையில் திரும்ப உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது சரியாக உட்காராமல் நட்டை முறுக்கினால், ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அச்சே சுழன்று, அதற்குள் போகும் மூன்று மோட்டார் ஒயர்களையும் ஹால் ஒயர்களையும் முறுக்கி அறுத்துவிடும். ஒரு பஞ்சர், ஒரு மோட்டார் செலவாக மாறும் இடம் இது.

பிரேக் பேட் தேயவே இல்லை. அப்படியே விடலாமா?

கூடாது. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் வருடக்கணக்கில் வரும். அதிகம் வேலை இல்லாததாலேயே காலிப்பரின் ஸ்லைடு பின் காய்ந்து இறுகிக்கொள்ளும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சார்ஜர் ப்ளக் சூடாகிறது. ஆபத்தா?

கையில் இளஞ்சூடு பரவாயில்லை. தொட்டுப் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். சார்ஜர் நாலைந்து ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். சாக்கெட்டின் உள்தகடு தளர்ந்திருந்தால் அந்த ஒரு புள்ளி சூடாகிக் கருகும். நல்ல ஏற்பாடு இது: மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், உண்மையான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்). மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தினமும் சார்ஜ் போடாதீர்கள்.

வேறு வண்டியின் சார்ஜரைப் போடலாமா? வோல்ட் ஒன்றுதானே?

லேபிளில் இருக்கும் 72 வோல்ட் ஏமாற்றும். அது சராசரி அளவு. 20 வரிசை என்.எம்.சி. பேட்டரி 84 வோல்ட்டில் நிறைந்துவிடும். 24 வரிசை எல்.எஃப்.பி.க்கு 87.6 வோல்ட். ஆறு லெட் ஆசிட் பேட்டரிக்கான சார்ஜர் 88 வோல்ட் வரை போகும். மூன்றையும் 72 வோல்ட் என்றே கூப்பிடுவார்கள். என்.எம்.சி. பேட்டரியில் லெட் ஆசிட் சார்ஜரைச் செருகினால், இடையில் நிற்பது பி.எம்.எஸ். ஒன்றுதான். அதுவும் பழுதாகியிருந்தால் தீ. சார்ஜரில் எழுதியிருக்கும் அவுட்புட் வோல்ட்டைப் பார்த்து, உங்கள் பழைய சார்ஜரின் எண்ணோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள்.

தீப்பிடிக்குமா?

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் எரிந்தால் மற்றவற்றுக்குப் பரவாதபடி தடுப்பு, கூடுதல் வெப்ப சென்சார், முன்கூட்டி எச்சரிக்கும் ஒலி ஆகியவை அதில் சேர்ந்தன. பழைய வண்டி வாங்குபவர்கள் தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

எந்த வண்டியானாலும் வாசற்படியை மறித்தோ மாடிப்படிக்கு அடியிலோ சார்ஜ் போடாதீர்கள். தப்பிக்கும் வழி அடைபடக் கூடாது. கீழே விழுந்து பெட்டி நசுங்கிய பேட்டரி, இனிப்பு கலந்த சாயவாடை அடிக்கும் பேட்டரி, உப்பிய பேட்டரி மூன்றும் வீட்டுக்குள் வரவே கூடாது.

லெட் ஆசிட் வண்டியில் மொத்த பேட்டரியையும் மாற்ற வேண்டுமா?

60 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி ஐந்து வரிசையாக இருக்கும். ஒன்று செத்தால் ரேஞ்ச் பாதியாகிவிடும். முழு சார்ஜ் போட்டு ஆறவிட்டு ஒவ்வொன்றாக மீட்டரில் பாருங்கள்: 12.7 வோல்ட் நல்லது. பிறகு ஓட்டும் சுமையில் 10.5-க்குக் கீழே விழுவது எதுவோ அதுதான் பழுது. வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் ஒன்றை மாற்றலாம். ஒன்றரை வருடம் ஆனதென்றால் ஐந்தையும் சேர்த்து மாற்றுங்கள். பழையவை புதியதையும் இழுத்துவிடும். இந்தப் பேட்டரியைக் குறைந்த சார்ஜில் ஒரு இரவுகூட விடாதீர்கள்.

இரண்டு மாதம் ஊரில் இருக்க மாட்டேன்.

லித்தியம் என்றால் 50 முதல் 60 சதவீதத்தில் நிழலில் நிறுத்துங்கள். ப்ளக்கில் விட்டுப் போகாதீர்கள். வண்டியின் சிம்மும் பூட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் மாதம் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லி 30-க்குக் கீழே போனால் ஏற்றச் சொல்லுங்கள்.

வாரண்டியில் எதைப் படிக்க வேண்டும்?

கி.மீ. வரம்பை. மேலே சொன்ன 35 கி.மீ. கணக்கில், 'மூன்று வருடம் அல்லது 30,000 கி.மீ.' என்பது இரண்டு வருடம் பத்து மாதத்திலேயே முடிந்துவிடும். 'எட்டு வருடம் அல்லது 80,000 கி.மீ.' ஏழரை வருடத்தில் முடியும். எந்தச் சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றித் தருவார்கள், அதை யார் அளப்பது, இரண்டாவது சொந்தக்காரருக்கு வாரண்டி மாறுமா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். சர்வீஸ் தேதியைத் தவறவிட்டாலும், வேறு சார்ஜர் போட்டாலும் மறுப்பதற்கு இடம் கொடுக்கிறீர்கள்.

பழைய வண்டி வாங்கலாமா?

வாரண்டி குறைந்தது இரண்டு வருடம் மீதியிருந்தால் வாங்கலாம். பேட்டரி மட்டுமே வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும், அதனால் பேட்டரி நிலை அறிக்கை இல்லாமல் விலை பேசாதீர்கள். அடியில் டார்ச் அடித்துப் பேட்டரி பெட்டியில் கல் அடிபட்ட நசுங்கல் இருக்கிறதா, சார்ஜிங் சாக்கெட்டின் பின் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். 90 சதவீதத்தில் வாங்கிப் பின்சீட்டில் ஒருவரை வைத்து 40-க்கு வரும்வரை ஓட்டுங்கள். சார்ஜ் எண் ஒரே சீராக இறங்க வேண்டும். கடைசியாக விளக்கின் கண்ணாடிக்குள் ஈரம், ஸ்விட்சுகளின் உள்ளே சேற்றுக் கோடு, சீட்டுக்கு அடியில் மண் படிவு இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. வேண்டாம்.